யுத்தம் ஒரு மாதம். அவசரநிலை ஐந்து வருடம்!

“யுத்தம் நடக்கும்போது உரிமை என்ன வேண்டிக் கிடக்கிறது? வீடு பற்றி எரியும்போது வாடகைக் கணக்குப் பேசுவார்களா?”

இப்படிக் கேட்கிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இன்றும் எல்லையில் துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் போதும், இந்தப் பாட்டு ஆரம்பமாகிவிடும். பெரிய பத்திரிகைகள் பாடும். மில் முதலாளிகள் சங்கம் தாளம் போடும். நம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நல்ல மனிதர்கள் சிலரும் தலையாட்டுவார்கள். அந்த நல்ல மனிதர்களுக்காகத்தான் நாம் இதை எழுதுகிறோம். மற்றவர்களுக்கு விஷயம் தெரியும், தெரிந்தேதான் பேசுகிறார்கள்.

நாம் கணக்கிலிருந்தே தொடங்குவோம். 1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீன எல்லையில் பெரும் சண்டை மூண்டது. அக்டோபர் 26-ஆம் தேதி ஜனாதிபதி அவசரநிலைப் பிரகடனம் செய்தார். அன்றே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வந்தது. நவம்பர் 21-ஆம் தேதி சண்டை நின்றது. ஆக, யுத்தம் ஒரு மாதம். அவசரநிலை எப்போது வாபஸ் ஆயிற்று? 1968 ஜனவரி 10-ஆம் தேதி! ஐந்து வருடம், இரண்டரை மாதம். நடுவில் 1965-இல் பாகிஸ்தானுடன் ஒரு யுத்தம் நடந்தது உண்மை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு யுத்தத்தையும் கூட்டினால் சில மாதங்கள்தான் தேறும். மீதி வருடங்களில் எந்த வீடு பற்றி எரிந்தது?

ஆனால் அந்த வருடங்கள் முழுவதும், ஒரு மனிதனை வாரண்டில்லாமல், வழக்கில்லாமல், விசாரணையில்லாமல் பிடித்து உள்ளே வைக்கும் அதிகாரம் சர்க்காரின் சட்டைப் பையில் இருந்தது. அந்த அதிகாரத்தின் பெயர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 30-ஆவது விதி.

சர்க்காரின் ‘திருப்தி’

அந்த விதி என்ன சொல்கிறது? இன்னார் நாட்டின் பாதுகாப்புக்கோ, பொது ஒழுங்குக்கோ, இன்னும் சில காரியங்களுக்கோ விரோதமாக நடக்காமல் தடுக்க வேண்டும் என்று சர்க்கார் ‘திருப்தி’ அடைந்தால் போதும். அவரைக் காவலில் வைக்கலாம். அவர் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. இனிமேல் செய்யலாம் என்று சர்க்காருக்குத் தோன்றினால் போதும்.

நமக்கு அரைவயிற்றுக் கூழில் திருப்தி வருவதில்லை. சர்க்காருக்கோ ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டிலேயே திருப்தி வந்துவிடுகிறது! இந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கைதிக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அந்த விதிகளில் இல்லை. நீதிபதிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை உண்டு. யார் செய்வது? காவலில் வைத்த அதே சர்க்கார்! பண்ணையார் செய்த அநியாயத்தைப் பண்ணையாரிடமே மனுக் கொடுத்து விசாரிக்கச் சொல்வது போலத்தான்.

இந்த 30-ஆவது விதியை 1962-இல் புதிதாக எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரன் 1939-இல் போட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆவது விதியைத் தூசி தட்டி எடுத்ததுதான் இது. அதற்கும் தாத்தா உண்டு: முதல் உலக யுத்தத்தின்போது 1915-இல் வந்த சட்டம். தாத்தா, மகன், பேரன் என்று வம்சம் வளர்ந்திருக்கிறது. சுதந்திரம் வந்தது, கொடி மாறியது, இந்த வம்சத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. 1943 ஏப்ரலில், காந்தியடிகள் ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்த நாட்களில், கேசவ் தல்பாடே என்ற கைதியின் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தது. தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் ஓர் ஆங்கிலேயர். அவர் 26-ஆவது விதியே செல்லாது, சட்டம் கொடுத்த அதிகாரத்தையும் அது மீறிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். நாடெங்கும் ஜெயில் கதவுகள் திறந்திருக்க வேண்டும். திறந்ததா? சில நாட்களுக்குள் வைஸ்ராய் ஓர் அவசரச் சட்டம் போட்டு, செல்லாத விதியைச் செல்லும் என்று ஆக்கிவிட்டார். கோர்ட் ஒரு கதவைத் திறந்தால் சர்க்கார் இரண்டு பூட்டுப் போடும். இந்தப் பாடத்தை நம் ஆட்சியாளர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

அதே யுத்தத்தில் இங்கிலாந்திலும் இப்படி ஒரு விதி இருந்தது. லிவர்சிட்ஜ் என்பவரை உள்ளே தள்ளினார்கள். காரணம் கேட்டார், சொல்ல முடியாது என்றார்கள். 1941-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் நால்வர், மந்திரிக்குத் தோன்றினால் போதும் என்று கையெழுத்திட்டார்கள். அட்கின் பிரபு ஒருவர் மட்டும் எதிர்த்து நின்றார். நீதிபதிகள் சர்க்காரைவிடச் சர்க்கார் பக்தர்களாகிவிட்டார்கள் என்ற பொருளில் சுடச்சுட எழுதினார். அவர் சொன்னதே சரி என்று பிற்காலத்தில் அதே சபையின் நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். லிவர்சிட்ஜுக்கு அதனால் என்ன பயன்? இன்னொரு வேடிக்கை: அவரைக் காவலில் வைத்த மந்திரி ஜான் ஆண்டர்சன், 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னராக இருந்து தேசபக்தர்களை விசாரணையின்றி அடைத்துவைத்த அதே ஆண்டர்சன். நம்மிடம் பழகிய கையை ஊருக்குப் போய்ச் சொந்த ஜனங்கள் மேலேயே நீட்டினார்.

யாரைப் பிடித்தார்கள்?

ஒற்றரைப் பிடிக்கத்தானே இந்தச் சட்டம் என்பார்கள். ஒற்றன் இருந்தால் பிடி. வழக்குப் போடு. அதற்கு 1923-ஆம் வருடத்து அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கிறது, தண்டனைச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. சாட்சி கொண்டுவந்து நிரூபி. நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சாட்சியே இல்லாமல் அடைப்பதற்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்றால், பிடிபடுகிறவன் ஒற்றனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1962 நவம்பரில், சண்டை நின்ற அதே வாரத்தில், நாடெங்கும் கம்யூனிஸ்ட்களை நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். துப்பாக்கி ஓய்ந்தபின் தேசம் காக்கும் வேகம் இவர்களுக்கு வந்தது! மீண்டும் 1964 டிசம்பர் கடைசியில் ஒரு வேட்டை. அப்போது எந்த எல்லையிலும் யுத்தம் இல்லை. கேரளத்தில் தேர்தல்தான் வர இருந்தது. 1965 மார்ச்சில் அந்தத் தேர்தல் நடந்தது. மார்க்சிஸ்ட் கட்சி 133 இடங்களில் 40 இடங்களைப் பெற்று முதலிடத்தில் வந்தது. ஜெயித்தவர்களில் பெரும்பாலோர் சிறைக்குள் இருந்தார்கள். சட்டசபை ஒருநாள்கூடக் கூடாமலே கலைக்கப்பட்டது. ஓட்டுப் போட்ட கயிறு திரிக்கும் பெண்ணுக்கும் முந்திரித் தொழிலாளிக்கும் கிடைத்த பதில் அதுதான்.

நம் ராஜ்யத்திலிருந்து பிடிபட்டவர்களில் இரண்டு பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள். ஒருவர் திருச்சித் தொகுதியின் கே. ஆனந்த நம்பியார், ரயில்வேத் தொழிலாளர்களின் தலைவர். இன்னொருவர் புதுக்கோட்டைத் தொகுதியின் ஆர். உமாநாத். “மக்கள் எங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பாராளுமன்றம் கூடும்போது போய் உட்காரவாவது விடுங்கள்” என்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடினார்கள். காவல் உத்தரவுக்கு முன்னால் எம்.பி.க்குத் தனிச் சலுகை கிடையாது என்று 1965 அக்டோபரில் கோர்ட் சொல்லிவிட்டது. எம்.பி.யின் கதி இது என்றால், பஞ்சாலையில் ஸ்பின்னிங் பகுதியில் நிற்கும் நம் ஆளின் கதியை நினைத்துப் பாருங்கள்.

கம்யூனிஸ்டைத்தானே பிடித்தார்கள், நமக்கென்ன என்று இருந்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்க வேண்டிய கதை இது. திருவனந்தபுரத்தில் மண்ணெண்ணெய் மொத்த வியாபாரி ஒருவர், பெயர் சதானந்தன். கம்யூனிஸ்ட் என்பதற்காக அல்ல, மண்ணெண்ணெய் விற்பவர் என்பதற்காக 1965-இல் அவரை இதே 30-ஆவது விதியில் உள்ளே வைத்தார்கள். தன் வியாபாரத்தை உறவுக்காரர்களுக்குத் தேடிக் கொடுக்க ஒரு போலீஸ் அதிகாரி பொய் ரிப்போர்ட் எழுதினார் என்று அவர் புகார் சொன்னார். சர்க்கார் தாக்கல் செய்த பதிலைப் படித்துப் பார்த்த சுப்ரீம் கோர்ட், இது கெட்ட எண்ணத்தோடு செய்த காரியம் என்று 1966-இல் அவரை விடுதலை செய்தது. ஆக, சீனப் படையைத் தடுக்க வந்த சட்டம் மண்ணெண்ணெய் டின்னுக்குள் புகுந்துவிட்டது!

அதே பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடும் வந்தது. 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். நம் ஊர்ப் பத்தர்களின் உலை அணைந்ததற்கும் எல்லைப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை நமக்குப் புரியவில்லை. சர்க்கார் சொன்னது அந்நியச் செலாவணி. பட்டினி கிடந்தது பத்தர் குடும்பம்.

தொழிலாளியிடம் என்ன கேட்டார்கள்? 1962 நவம்பர் 3-ஆம் தேதி ‘தொழில் சமாதானத் தீர்மானம்’ போட்டார்கள். வேலைநிறுத்தம் கூடாது, உற்பத்தியைப் பெருக்கு என்றார்கள். தொழிலாளி பெருக்கினான். அதே தீர்மானத்தில் முதலாளிக்கும் கடமைகள் எழுதப்பட்டிருந்தன. விலையை ஏற்றாதே என்று சொல்லியும் ஏற்றிய எந்த முதலாளியின் வீட்டுக் கதவையும் நடுராத்திரியில் போலீஸ் தட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

தேவ்லி முகாம்

எல்லாரையும்விடக் கொடுமையை அனுபவித்தவர்களைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. அஸ்ஸாமில் மாக்கும் என்று ஓர் ஊர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். நூறு வருடங்களுக்கு மேல் முன்னால் வெள்ளைக்காரன் தேயிலை வளர்க்கச் சீனாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தான். நம்மவர்களை மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஓட்டிப்போனதைப் போலத்தான். அவர்கள் அங்கேயே உழைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், கடை வைத்தார்கள், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கல்யாணம் செய்தார்கள், அவர்கள் பிள்ளைகள் அஸ்ஸாமிய பாஷை பேசி வளர்ந்தார்கள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்த பிரஜைகள்.

1962 நவம்பரில் போலீஸ் வந்து கூப்பிட்டது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ரயிலில் ஏற்றி, நாட்கணக்கில் பிரயாணம் செய்யவைத்து, ராஜஸ்தான் பாலைவெளியில் தேவ்லி முகாமில் இறக்கினார்கள். அஸ்ஸாமிலிருந்தும் டார்ஜிலிங் பக்கத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் சுமார் 3,000 பேர். கிழவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள். பிரஜை என்ற கேள்விக்கே இடமில்லாமல் செய்ய ஒரு சட்டம் போட்டார்கள். தகப்பனோ பாட்டனோ சீனாவிலிருந்து வந்தவர் என்றால், இங்கே பிறந்தவனையும் அந்நியர் சட்டத்தில் அடக்கலாம்! கணவன் சீன வம்சம் என்பதால், அஸ்ஸாமிய மனைவி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே முகாமுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பலரைச் சீனாவுக்கு நாடு கடத்தினார்கள். கடைசிக் கைதிகள் வெளியே வந்தது 1967-இல். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடு இல்லை, கடை இல்லை. எதிரியின் சொத்து என்று ஏலம் போயிருந்தது.

தேவ்லி என்ற பெயர் பழைய தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்களையும் சோஷலிஸ்ட்களையும் விசாரணையின்றி அடைத்த முகாம் அது. டாங்கே அங்கே இருந்தார். ஜெயப்பிரகாஷ் நாராயண் அங்கே இருந்தார். 1941-இல் அங்கே நடந்த உண்ணாவிரதம் நாட்டையே உலுக்கியது. சுதந்திரப் போராட்ட வீரர்கள் பட்டினி கிடந்த அதே இடத்தில், சுதந்திர சர்க்கார் தேயிலைத் தொழிலாளியின் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்தது.

அமெரிக்க ஏகாதிபத்தியத்தை நாம் புகழ்ந்து பேசுகிற ஆட்கள் இல்லை. 1942-இல் அவர்களும் இதே பாதகத்தைச் செய்தார்கள். ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை முள்வேலிக்குள் தள்ளினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டும் 1944-இல் ‘சரி’ என்றது. ஆனாலும் 1988-இல் அந்த சர்க்காரே சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பல வருடம் போராடி வாங்கினார்கள். தேவ்லிக்குப் போன மாக்கும் குடும்பங்களுக்கு டில்லி கொடுத்தது என்ன? மன்னிப்பு என்ற ஒரு வார்த்தைகூட இல்லை.

பூட்டிய கேட்

இனி கோர்ட்டுக்கு வருவோம். 1962 நவம்பர் 3-ஆம் தேதி ஜனாதிபதி இன்னொரு உத்தரவு போட்டார். பாதுகாப்பு விதிகளில் பிடிபட்டவர்கள், அரசியல் சட்டத்தின் 21, 22-ஆம் ஷரத்துகளைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்பது அதன் சாரம். அடுத்த வாரமே 14-ஆம் ஷரத்தையும் சேர்த்தார்கள். 21 என்பது உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமை. 22 என்பது கைதானவனின் உரிமை. 14 என்பது சட்டத்தின் முன் சமத்துவம். மிச்சம் என்ன இருக்கிறது?

சட்ட நிபுணர்கள் இதை நயமாகச் சொல்வார்கள்: “உரிமை பறிபோகவில்லை, கோர்ட்டில் கேட்பதுதான் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.” இது நமக்குப் புரியாத பாஷை அல்ல. மில் முதலாளி கதவடைப்புச் செய்துவிட்டு, “உன் வேலை போகவில்லையப்பா, கேட்டுக்குள் வரத்தான் முடியாது” என்று சொல்வான் அல்லவா? அதேதான்.

பஞ்சாபைச் சேர்ந்த மக்கன் சிங் தர்சிக்காவும் இன்னும் பலரும் இதை எதிர்த்துப் போனார்கள். 1963 செப்டம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பெரிய கேட்டைத் திறக்க முடியாது என்றது சுப்ரீம் கோர்ட். ஆனால் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டிவாசலை விட்டுவைத்தது. உத்தரவு கெட்ட எண்ணத்தோடு போடப்பட்டது என்றாலும், பாதுகாப்புச் சட்டத்தையே மீறிப் போடப்பட்டது என்றாலும் கோர்ட் கேட்கும் என்றது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் அதற்கும் மேலே போனார். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஆள்கொணர்வு மனுவுக்கு இருக்கும் வழியை ஜனாதிபதியின் உத்தரவு அடைக்காது என்று தனியாகத் தீர்ப்பு எழுதினார்.

அந்தத் திட்டிவாசல் வழியாக எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதைக் கேட்டால், உரிமை என்பது வக்கீல் வார்த்தை மட்டும் அல்ல என்று தெரியும். மண்ணெண்ணெய் வியாபாரி வந்தது அதன் வழியாகத்தான். 1965-இல் ராம் மனோகர் லோகியாவைப் பாட்னாவில் பிடித்தார்கள். விதியில் இருந்தது ‘பொது ஒழுங்கு’. மாஜிஸ்ட்ரேட் உத்தரவில் எழுதியது ‘சட்டம் ஒழுங்கு’. இரண்டும் ஒன்றல்ல என்று சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. தெருச் சண்டை எல்லாம் பொது ஒழுங்கைக் கெடுப்பதாகாது, பொது ஒழுங்கு கெடுவதெல்லாம் நாட்டுக்கு ஆபத்தாகாது என்று நீதிபதி ஹிதாயத்துல்லா ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரைந்து காட்டினார். ஒரு வார்த்தைதான், ஆனால் அந்த ஒரு வார்த்தை ஜெயில் கதவைத் திறந்தது.

அதே வாரத்தில் இன்னொரு தீர்ப்பு. பம்பாயில் காவலில் இருந்த தோழர் பிரபாகர் சன்ஸ்கிரி சிறைக்குள் உட்கார்ந்து மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். புரட்சி பற்றி அல்ல. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்ற விஞ்ஞானப் புத்தகம். அதை வெளியே அனுப்பி அச்சிட அனுமதி கேட்டார். மகாராஷ்டிர சர்க்கார் முடியாது என்றது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ச் சண்டை போட்டது! விதியில் சொல்லாத கட்டுப்பாட்டைக் கைதியின் மேல் ஏற்றக் கூடாது என்று கோர்ட் சர்க்காரின் தலையில் குட்டியது. மனிதனை அடைத்ததோடு திருப்தி அடையாமல், அவன் எழுதிய எலெக்ட்ரானையும் காவலில் வைக்கப் பார்த்தார்கள்.

‘தற்காலிகம்’ என்ற பொய்

இவர்கள் எப்போதும் சொல்லும் வார்த்தை ‘தற்காலிகம்’. 1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் வந்தது. ஒரு மாதத்துக்குள் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. யுத்தம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வருடத்துக்குத்தான் என்றார்கள். புதுப்பித்துப் புதுப்பித்து 1969 கடைசிவரை ஓட்டினார்கள். ஏ.கே. கோபாலன் சென்னை ராஜ்யச் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில் 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. காவலுக்கான காரணத்தைக் கோர்ட்டில்கூடச் சொல்லக்கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் வெட்டியெறிந்தது. அந்த வருடம் பிப்ரவரி 11-ஆம் தேதிதான் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழ் போதாது.

பிறகு 1971. ஜூலையில் மிசா வந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி வங்காளதேச யுத்தத்துக்காக அவசரநிலை வந்தது. யுத்தம் இரண்டு வாரத்தில் முடிந்தது. அவசரநிலையை மட்டும் விடவில்லை. அது அப்படியே இருக்கும்போதே, 1975 ஜூன் 25-ஆம் தேதி அதன் தலைமேல் இன்னொரு அவசரநிலையை ஏற்றினார்கள். யுத்தத்துக்கென்று செய்த சட்டம், ஆயுதம், பூட்டு, சாவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தன. மிசாவில் யாரெல்லாம் உள்ளே போனார்கள் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்பது ஹைக்கோர்ட்டுகள் கைதியின் மனுவைக் கேட்போம் என்றன. 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்று அதை உடைத்தது. மக்கன் சிங் வழக்கில் விட்டுவைத்த திட்டிவாசலையும் கல் வைத்து அடைத்தது. அந்த வழக்கு நடக்கும்போது நீதிபதி கன்னா சர்க்கார் வக்கீலிடம் கேட்டார்: சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரன் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம்? அவசரநிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்று சர்க்கார் வக்கீல் ஒப்புக்கொண்டார். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய ஒரே நீதிபதி அந்தக் கன்னாதான். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள்; அவர் ராஜினாமா செய்தார்.

மக்கள் ஓட்டுப் போட்டுத் துரத்திய பின்தான் சட்டம் திருந்தியது. 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம், எந்த யுத்தமானாலும், எந்த அவசரநிலையானாலும் 20, 21-ஆம் ஷரத்துகளைத் தள்ளிவைக்க முடியாது என்று எழுதிவைத்தது. 1976 தீர்ப்பு தவறு என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டே வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே இன்று யுத்தம் வந்தாலும், “கோர்ட்டுக்குப் போக உனக்கு உரிமை இல்லை” என்று 1962-இல் சொன்னதுபோல ஒருவரும் சொல்ல முடியாது. இதை ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும் படித்துச் சொல்லுங்கள்.

கையில் இருப்பது என்ன?

ஆனால் வம்சம் அழிந்துவிட்டதா? இல்லை. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 12 மாதம்வரை விசாரணையின்றி வைக்கலாம். யுத்தமும் வேண்டாம், அவசரநிலையும் வேண்டாம். சாதாரண நாளிலேயே செல்லும். நம் ராஜ்யத்துக்கென்று 1982-இல் குண்டர் சட்டம் தனியாக வந்தது.

அதனால் கொஞ்சம் காரியமாகப் பேசுவோம். காவலில் வைத்தால் அதற்கான காரணங்களைக் கைதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சாதாரணமாக ஐந்து நாட்களுக்குள். அதை அவருக்குப் புரியும் பாஷையில் கொடுக்க வேண்டும். இங்கிலீஷில் வாயால் வாசித்துக் காட்டிவிட்டுப் போனால் போதாது. ஹரிகிஷன் என்பவர் வழக்கில் 1962-இலேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லி அவரை விடுதலை செய்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில் கொடு என்று கேட்க வேண்டும். சர்க்காருக்கு மனுப் போடும் உரிமை உண்டு. அதைக் காலம் கடத்தாமல் போட வேண்டும். ஆலோசனைக் குழு முன் நேரில் பேசலாம். வக்கீல் வைக்க உரிமை கிடையாது என்று சட்டம் சொல்கிறது. ஜேபடித் திருடனுக்கும் வக்கீல் உண்டு, ஒரு குற்றமும் சாட்டப்படாதவனுக்கு இல்லை! ஆனால் சர்க்கார் தரப்பில் வக்கீலோ சட்டம் படித்த அதிகாரியோ வந்து பேசினால், கைதிக்கும் வக்கீல் தர வேண்டும். வக்கீல் அல்லாத ஒரு நண்பரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் செயலாளரே அந்த நண்பராகப் போகலாம்.

இந்த உரிமைகளைக் கோர்ட்டில் வாங்கித் தந்த வழக்கு யாருடையது தெரியுமா? தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவர் ஏ.கே. ராய். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்த சூட்டோடு அவரைத்தான் உள்ளே தள்ளினார்கள். அவர் வழக்கில் 1981 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

அந்த வழக்கில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. 1978 திருத்தத்தில், 22-ஆவது ஷரத்தைத் திருத்தும் ஒரு பிரிவும் இருக்கிறது. ஆலோசனைக் குழு இல்லாமல் மூன்று மாதம் அடைத்துவைக்கலாம் என்பதை அது இரண்டு மாதமாகக் குறைக்கிறது. குழுவின் தலைவர் பதவியில் இருக்கும் ஹைக்கோர்ட் நீதிபதியாகவே இருக்க வேண்டும், சர்க்கார் தன் இஷ்டத்துக்கு ஆட்களைப் போடக்கூடாது என்கிறது. பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஜனாதிபதி கையெழுத்திட்டார். ஆனால் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்பதை மத்திய சர்க்கார் அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அந்தத் தேதியை அறிவிக்கும்படி உத்தரவு போடுங்கள் என்று கேட்டதற்கு, அப்படி உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் கையை விரித்துவிட்டது.

1978-க்குப் பிறகு டில்லியில் எத்தனையோ சர்க்கார்கள் மாறின. கைச் சின்னம் வந்தது, தாமரை வந்தது, கூட்டணிகள் வந்தன. ஆளைத் தூக்கும் உத்தரவில் தேதி போட இவர்களுக்கு ஒரு ராத்திரி போதும். இந்தத் திருத்தத்தில் ஒரு தேதி போட மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. மே தினக் கூட்டங்களிலும், ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், நாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்போம்: அந்தத் தேதியை எப்போது போடப் போகிறீர்கள்?